டிரெய்லரை எடை போட்டோம், பிறகுதான் வண்டி தேடினோம்

18 அடி நீளம், 2.3 மீட்டர் அகலம், இரட்டை ஆக்ஸில், உள்ளே நான்கு பேர் படுக்க இடம், சமையல் மேடை, கழிவறை. இப்படி ஒரு கேரவன் டிரெய்லரைக் கடலூரில் நிறுத்திவிட்டு, இழுக்க என்ன வண்டி வாங்கலாம் என்று விசாரித்தால் எல்லாரும் எஞ்சினைப் பற்றித்தான் பேசுவார்கள். கடலூரிலிருந்து புதுச்சேரி, அங்கிருந்து ஈ.சி.ஆரில் மரக்காணம் வரை முழுக்கச் சமதரை. சமதரையில் இரண்டு டன்னை இழுப்பது இன்றைய டீசல் எஞ்சின்களுக்குப் பெரிய காரியமே இல்லை. அந்த இரண்டு டன்னை நிறுத்துவதும், காற்றில் ஆடாமல் நேராகக் கொண்டுபோவதும், பின் ஆக்ஸிலில் இறங்கும் பாரத்தைத் தாங்குவதும்தான் கஷ்டம். அதனால் ஷோரூமுக்குப் போகும் முன் எடை மேடைக்குப் போனோம்.

கரும்பு லாரியும் மணல் லாரியும் நிற்கும் அதே எடை மேடைதான். 5 அல்லது 10 கிலோ படியில் காட்டும், அது போதும். டிரெய்லர் காலியாக 1,640 கிலோ. பயணத்துக்குத் தேவையானதை ஏற்றியதும் 2,120. இடையில் ஏறிய 480 கிலோ எங்கே என்று பிரித்துப் பார்த்தால்: தண்ணீர்த் தொட்டி 150 லிட்டர், அதாவது 150 கிலோ. இரண்டு டியூபுலர் பேட்டரி 110. காஸ் சிலிண்டர் 30. மீதி 190 மெத்தை, பாத்திரம், துணி, அரிசி பருப்பு, கருவிப்பெட்டி.

பிரிட்டனில் கேரவன் இழுப்பவர்கள், அதுவும் புதியவர்கள், பின்பற்றும் கணக்கு ஒன்று உண்டு. ஏற்றிய டிரெய்லரின் எடை, இழுக்கும் வண்டியின் வெற்று எடையில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சட்டம் அல்ல, அனுபவத்தில் வந்த அளவு. டிரெய்லர் ஆடினால் கனமான வண்டிதான் அதை அடக்கும், இலேசான வண்டியை டிரெய்லர் இழுத்துக்கொண்டு போய்விடும். 2,120 கிலோவுக்கு இந்தக் கணக்குப்படி ஏறக்குறைய 2,500 கிலோ வண்டி வேண்டும். நம் ஊரில் குடும்பத்துக்கு வாங்கும் வண்டிகளில் அந்த எடைக்குத் தேடினால் கிடைப்பது மிகக் குறைவு.

ஆகவே முதலில் டிரெய்லரின் எடையைக் குறைத்தோம். தண்ணீரைப் போய்ச் சேரும் இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம் என்று தொட்டியைக் காலி செய்ததில் 150 கிலோ போனது. அரைத் தொட்டியாக விடாதீர்கள், பிரேக் பிடிக்கும்போது தண்ணீர் முன்னும் பின்னும் மோதும். டியூபுலருக்குப் பதில் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் போட்டதில் 75. பாத்திரமும் கருவியும் குறைத்ததில் 60. இப்போது 1,835. அதற்குத் தேவையான வண்டி 2,160 கிலோ. லேடர் பிரேம் சேஸிஸ், அதாவது ஏணி போன்ற தனி இரும்புச் சட்டம், உள்ள டீசல் 4x4 வண்டிகளில் டொயோட்டாவின் ஹைலக்ஸ் பிக்கப், ஃபார்ச்சூனர் வகை இந்த அளவுக்கு அருகில் வருகின்றன. 285 கிலோவைக் குறைக்க ஆன செலவு, வண்டியில் ஒரு படி மேலே போவதற்கான செலவில் சிறு பங்குதான்.

அடுத்து மூக்கு எடை, அதாவது கொக்கியின் மேல் டிரெய்லர் அழுத்தும் பாரம். இரட்டை ஆக்ஸில் கேரவனுக்கு மொத்த எடையில் 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டோம், 184 கிலோ. குளியலறைத் தராசு இதைத் தாங்காது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. 3 அடி இடைவெளியில் ஒரு பக்கம் செங்கல், மறுபக்கம் தராசு, இரண்டின் மேலும் ஒரு கனமான பலகை. தராசைப் பலகையோடு சேர்த்துப் பூஜ்யம் ஆக்குங்கள். டிரெய்லரின் மூக்கைச் செங்கலிலிருந்து 1 அடி, தராசிலிருந்து 2 அடி தள்ளி இறக்குங்கள். தராசு காட்டுவதை மூன்றால் பெருக்கினால் மூக்கு எடை. 61 காட்டினால் 183. டிரெய்லர் மட்டமாக நிற்க வேண்டும், முன்பக்கம் தூக்கியிருந்தால் எண் மாறும்.

இந்த எண் குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும். டிரெய்லரின் பின்கோடியில் சைக்கிளும் கூடாரமும் கட்டிவைத்தால் மூக்கு இலேசாகும், 70 கிலோமீட்டர் வேகத்தில் ஆட்டம் தொடங்கும். கனமான சாமான் ஆக்ஸிலுக்கு மேலேயும் சற்று முன்னேயும், தரையோடு தரையாக இருக்கட்டும்.

184 கிலோதானே என்று விட்டுவிடாதீர்கள். கொக்கி, பின் ஆக்ஸிலுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது. ஹைலக்ஸின் வீல்பேஸ், அதாவது முன் பின் ஆக்ஸில்களுக்கு இடையிலான தூரம், 3.085 மீட்டர். நெம்புகோல் கணக்குப் போட்டால் பின் ஆக்ஸிலில் ஏறுவது ஏறக்குறைய 255 கிலோ, முன் ஆக்ஸிலிலிருந்து 70 கிலோ குறைகிறது. முன் சக்கரம் இலேசானால் ஸ்டியரிங் மிதக்கும், இரவில் ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். அதோடு நான்கு பேர், அவர்கள் பை, கொக்கியின் எடை எல்லாம் சேரும். பிக்கப் என்றாலே சுமை தாங்கும் என்று நம்பவும் கூடாது. குடும்பத்துக்கென விற்கும் இரட்டைக் கேபின் வண்டி, ஒற்றைக் கேபின் சரக்கு வண்டி அளவுக்குப் பாரம் ஏற்றாது. உற்பத்தியாளர் தகட்டில் இருக்கும் மொத்த எடையிலிருந்து, ஆட்களோடு எடை மேடையில் நின்ற எடையைக் கழித்து, மிச்சம் மூக்கு எடைக்குப் போதுமா என்று பாருங்கள்.

இந்தியாவில் விற்கும் பல வண்டிகளின் கையேட்டில் இழுவைத் திறன் என்ற எண்ணே இருக்காது. அதே வண்டிக்கு ஆஸ்திரேலியாவில் 3,500 கிலோ என்று இருப்பதை எடுத்து இங்கே ஒட்ட முடியாது. எஞ்சின் குளிரூட்டல், கொக்கியைத் தாங்கும் இரும்புச் சட்டம், ஸ்பிரிங் எல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். டீலரிடம் வாய்வார்த்தையாகக் கேட்டால் "தாராளமா இழுக்கும் சார்" என்றுதான் வரும். எழுத்தில் கேளுங்கள்.

மஹிந்திரா தார் பற்றியும் பலர் கேட்கிறார்கள். மூன்று கதவுத் தாரின் வீல்பேஸ் 2.45 மீட்டர்தான். 18 அடி டிரெய்லர் ஆடும்போது குட்டை வண்டியைத் திருப்பிவிடுவது சுலபம். சிறிய ஒற்றை ஆக்ஸில் டிரெய்லருக்கு நல்ல வண்டி, இதற்கு வேண்டாம். மோனோகாக், அதாவது உடலே சட்டமாக இருக்கும், எஸ்.யூ.வி.களையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம், கொக்கியைப் பிடிக்கத் தனிச் சேஸிஸ் இல்லை.

கியர் பற்றி எங்கள் தீர்ப்பு ஆட்டோமேட்டிக் பக்கம். ஹைலக்ஸ் 2.8 லிட்டர் டீசலில் மேனுவலுக்கு 420, ஆட்டோமேட்டிக்குக்கு 500 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்று விசை. ஆனால் காரணம் அதுவல்ல. கோட்டக்குப்பம் நெரிசலில் நகர்ந்து நகர்ந்து போவதும், சரிவான வாசலில் டிரெய்லரைப் பின்னோக்கி ஏற்றுவதும் கிளட்சைக் கருக்கிவிடும். மேனுவல்தான் கையில் இருக்கிறது என்றால் மணலிலும் மண்தரையிலும் 4எல் (நான்கு சக்கரமும் இழுக்கும் தாழ்ந்த கியர்) போட்டுப் பின்னே எடுங்கள். காய்ந்த தார் ரோட்டில் 4எல் போட்டு வளைக்காதீர்கள், முன் பின் ஆக்ஸில்கள் ஒன்றையொன்று முறுக்கும்.

பிரேக் இல்லாத டிரெய்லரை இந்த எடையில் இழுக்கவே கூடாது. 60-லிருந்து 80-க்குப் போனால் நிறுத்த வேண்டிய ஆற்றல் 1.8 மடங்கு ஆகிறது, அத்தனையும் வண்டியின் டிஸ்க்கில் இறங்கும். டிரெய்லரின் நான்கு சக்கரத்துக்கும் எலக்ட்ரிக் டிரம் பிரேக், அதை இயக்க வண்டியின் ஸ்டியரிங் பக்கத்தில் கன்ட்ரோலர். நான்கும் சேர்ந்து 12 ஆம்பியர் அளவில் இழுக்கும், மெல்லிய வயர் போட்டால் மின்சாரம் டிரெய்லருக்குப் போய்ச் சேர்வதற்குள் வோல்டேஜ் விழுந்து பிரேக் சரியாகப் பிடிக்காது. காலி ரோட்டில் 40-ல் போய்க்கொண்டே கன்ட்ரோலரின் கைப்பிடியை மட்டும் அழுத்துங்கள். டிரெய்லர் சக்கரம் பூட்டிக்கொள்வதற்குச் சற்று முன்பான அளவில் கன்ட்ரோலரை அமைத்து வையுங்கள். ஆட்டம் வந்தாலும் இதே கைப்பிடிதான் காப்பாற்றும்: ஆக்ஸிலரேட்டரை விடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், டிரெய்லர் பிரேக்கை மட்டும் மெல்லத் தட்டுங்கள். வேகத்தைக் கூட்டி நேராக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

கொக்கியில் கவனிக்க வேண்டியது, டிரெய்லரின் கப்ளர் (மூக்கில் உள்ள கிண்ணம்) உட்காரும் பந்தின் அளவு. 50 மில்லிமீட்டரும் 2 அங்குலமும் ஒன்று போலத் தெரியும், ஆனால் 2 அங்குலம் 50.8. 2 அங்குலக் கப்ளரில் 50 பந்து சற்றுத் தளர்வாக உட்காரும், வேகத்தடையில் தட்டித் தட்டிக் கப்ளர் தேயும். பூட்டியதும் டிரெய்லரின் முன்னால் இருக்கும் ஜாக்கி சக்கரத்தின் கைப்பிடியைச் சுற்றி மூக்கை மேலே தூக்குங்கள். வண்டியின் பின்பக்கமும் கூடவே எழுந்தால் பூட்டியது பிடித்திருக்கிறது. பாதுகாப்புச் சங்கிலி இரண்டும் மூக்கின் கீழே குறுக்கே போகட்டும். டிரெய்லர் கழன்றுபோனால் அதன் பிரேக்கைப் பிடிக்கவைக்கும் பிரேக்அவே கம்பியைச் சங்கிலியில் மாட்டாதீர்கள், வண்டியின் சேஸிஸில் தனியாக மாட்டுங்கள். கடற்கரைக் காற்றில், டிரெய்லர் விளக்குகளுக்கு மின்சாரம் தரும் ஏழு பின் கனெக்டர் சில மாதத்திலேயே பச்சை பிடிக்கும். இண்டிகேட்டர் விட்டு விட்டு எரிந்தால் முதலில் அந்தப் பின்களைப் பாருங்கள்.

காகித வேலை: டிரெய்லருக்குத் தனிப் பதிவு வேண்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 61ஆம் பிரிவுப்படி இழுக்கும் வண்டியின் எண் டிரெய்லரின் பின்னால் தெரிய வேண்டும். அதாவது பி.ஒய்.01 வண்டி, டி.என்.31 டிரெய்லரை இழுத்தால் பின்னால் பி.ஒய்.01 பலகை இருக்கணும். கொக்கி பொருத்தும் முன் ஆர்.டி.ஓ.விடம் கேளுங்கள், இன்சூரன்ஸ் பாலிசியில் டிரெய்லரையும் எழுதச் சொல்லுங்கள்.

சோதனை ஓட்டத்தை மாலையில் வையுங்கள், காலாப்பட்டு தாண்டி மரக்காணம் உப்பளப் பக்கம் திறந்த வெளியில் கடல் காற்று பக்கவாட்டில் அடிக்கும். 60-க்கு மேல் போகாதீர்கள். லாரி உரசி முந்தும்போது முதலில் காற்று தள்ளும், பின் உள்ளே இழுக்கும். அதற்காக ஸ்டியரிங்கை அதிகம் திருத்தக் கூடாது. 20 கிலோமீட்டரில் ஓரம் கட்டி டிரெய்லரின் நான்கு வீல் ஹப்புக்கும் (சக்கரத்தின் நடுப்பகுதி) அருகே புறங்கையைக் கொண்டுபோய்ச் சூடு பாருங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிடச் சூடாக இருந்தால் அதன் பேரிங் அல்லது பிரேக் ஷூவில் கோளாறு. வீல் நட்டை 50 கிலோமீட்டரில் ஒரு முறை, 100-ல் ஒரு முறை டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்குங்கள்.