ஜிமெயில் கேட்குதுண்ணே

எங்கள் கடைக்கும் காவல் நிலையத்துக்கும் நடுவே ஒரு டீக்கடை, ஒரு ஜெராக்ஸ் கடை, அவ்வளவுதான். 14 வருஷமாக செல்போன் சர்வீஸ் பார்க்கிறேன். ஸ்டேஷனில் பாதிப் பேருடைய போனுக்கு டிஸ்பிளே மாற்றியது நான்தான். டெம்பர் கிளாஸ், சார்ஜர், ரீசார்ஜ் எல்லாம் நோட்டில் ஏறும். சில கணக்கு தீரும், சிலது தீராது. பக்கத்துக் கடைக்காரன் கொடுக்கிற வாடகை என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன்.

2018, ஐப்பசி மழை. சாயங்காலம் ஒரு காவலர் ரெயின்கோட்டோடு உள்ளே வந்து ஒரு போனை கவுண்டரில் வைத்தார். அவருடையது இல்லை. இடது மூலை உடைந்திருந்தது, பின்கவரில் முருகன் ஸ்டிக்கர் பாதி உரிந்திருந்தது. ஆன் செய்தால் பேட்டர்ன் லாக். அதன் பின்னால் திரைப்படமாக, புத்தகப் பையோடு ஒரு பெண் குழந்தையின் போட்டோ.

"திறக்க முடியுமா தம்பி?"

"முடியாது சார். ரீசெட்தான் அடிக்கணும். உள்ள இருக்கிறதெல்லாம் போயிடும்."

"போகட்டும்ப்பா. அதுக்குத்தானே."

அந்த 'அதுக்குத்தானே' காதில் விழுந்தது. விழாத மாதிரி இருந்துகொண்டேன். வால்யூம் பட்டனையும் பவர் பட்டனையும் சேர்த்துப் பிடித்து, 'வைப் டேட்டா'வுக்கு இறங்கி, ஓகே கொடுத்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் அதற்குள் டீ சொல்லியிருந்தார், எனக்கும் சேர்த்து.

நான்கு நாள் கழித்து அதே போன் வந்தது, இந்தத் தடவை சொந்தக்காரர் கையில். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். "அண்ணே, ஆன் பண்ணா ஜிமெயில் கேட்குதுண்ணே." இப்படி ரீசெட் அடித்தால் ஆண்ட்ராய்டு பழைய கூகுள் கணக்கைக் கேட்கும், திருட்டுப் போனைத் தடுக்க வந்த பூட்டு அது. அவருக்கு அந்த ஜிமெயிலை யார் போட்டுக் கொடுத்தார்கள் என்றே தெரியவில்லை.

வண்டிச் சோதனையில் கூட வந்த பையனை அறைந்திருக்கிறார்கள். இவர் தள்ளி நின்று வீடியோ எடுத்திருக்கிறார். போனை வாங்கி வைத்துக்கொண்டு, மூன்றாம் நாள் 'இனி இப்படிச் செய்ய மாட்டேன்' என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்திருக்கிறார்கள். ரசீது, மகஜர் (பறிமுதல் செய்ததை எழுதி வைக்கிற பட்டியல்) எதுவும் கிடையாது. "அந்த வீடியோ மட்டும் எடுத்துக் குடுங்கண்ணே. பாப்பா போட்டோகூட வேணாம்" என்றார்.

வராது என்றேன். அது பொய்யில்லை. புது ஆண்ட்ராய்டு போன்களில் தகவல் எல்லாம் பூட்டிய நிலையில்தான் பதிவாகும். ரீசெட் அடித்தால் முதலில் அழிவது சாவி. அதன்பிறகு எந்த ரெக்கவரி சாஃப்ட்வேரும் குப்பையைத்தான் கிளறும். ஆனால் அதை அழித்த விரல் யாருடையது என்று நான் சொல்லவில்லை. ஜிமெயில் பூட்டைத் தாண்டி போனை ஓட வைத்து 300 ரூபாயும் வாங்கினேன்.

போகும்போது அவர் கேட்டது: "போலீஸை வீடியோ எடுக்கிறது தப்பாண்ணே?" எனக்குத் தெரியாது. "எதுக்குண்ணே வம்பு" என்று சொல்லி அனுப்பினேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க எனக்குச் சில வருஷம் ஆயிற்று. வீடியோ ஆதாரத்துக்குச் சான்றிதழ் போட என்னிடம் வருகிற வக்கீல்களிடம்தான் துண்டுதுண்டாகக் கற்றுக்கொண்டேன். பொது இடத்தில் பணியில் இருக்கும் போலீஸைப் படம் எடுக்கக் கூடாது என்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. பேச்சுரிமையைச் சொல்லும் அரசியலமைப்பின் 19ஆவது பிரிவுதான் ஆதாரம். ஆனால் மிரட்டக் கையில் எடுப்பது வேறு: அரசு ஊழியரைப் பணி செய்ய விடாமல் தடுத்தல். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 186, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 221. பத்தடி தள்ளி நின்று போனைத் தூக்கிப் பிடிப்பது எப்படித் தடுப்பதாகும் என்று யாரும் விளக்குவதில்லை. ஸ்டேஷனுக்குள் எடுத்தால் 1923ஆம் வருஷத்து அலுவல் ரகசியச் சட்டம் என்பார்கள். ஒற்றர்களுக்காக வெள்ளைக்காரன் போட்ட சட்டம்! அதில் சொல்லும் 'தடை செய்யப்பட்ட இடம்' காவல் நிலையத்தைக் குறிக்காது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2022இல் சொல்லி, வீடியோ எடுத்த ஒருவர் மேல் இருந்த வழக்கை ரத்து செய்தது.

எடுக்கலாமா கூடாதா என்றே எல்லோரும் சண்டை போடுகிறார்கள். என் கவுண்டரில் இருந்து பார்த்தால், எடுத்து முடித்த அடுத்த அரைமணி நேரத்தில்தான் எல்லாம் முடிவாகிறது. போன் யார் கையில் இருக்கிறது, நகல் வேறு எங்காவது போயிற்றா, அவ்வளவுதான். கேலரியில் அழித்தால் பல போன்களில் 30 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும். ஆரம்பத்தில் அது போலீஸுக்குத் தெரியாது, இப்போது தெரியும். வாட்ஸ்ஆப்பில் சும்மா அனுப்பினால் வீடியோ சுருங்கி வேறு ஃபைலாகிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் மூலம் அப்படியே போகும். 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவுச் சான்றிதழில் ஃபைலின் ஹாஷ் எண்ணையும் (ஃபைலின் கைரேகை மாதிரி) எழுத வேண்டும். சுருங்கிய நகலுக்கு அந்த எண் பொருந்தாது. இதைத் தெருவில் நிற்கிற லோடு ஆட்டோக்காரருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

அரசாங்கத்தின் கேமராவுக்கும் இதே வியாதிதான். 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் அப்பா ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் அடிபட்ட இரவு, அந்த ஸ்டேஷனிலும் கேமரா இருந்தது. ஆனால் பதிவு தினமும் தானாக அழியும்படி செட்டிங் வைத்திருந்ததை, விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். ஹார்டு டிஸ்க்கில் இடம் இருந்தது. எனக்கு அந்தச் செட்டிங் எந்த மெனுவில் இருக்கும் என்றே தெரியும்; யாரோ ஒருவர் உட்கார்ந்து டிக் போட்டிருக்க வேண்டும். தரையில் புரண்டு காயப்பட்டதாக எழுதிய எஃப்ஐஆரைக் கேள்விக்குள்ளாக்கியது பக்கத்துக் கடைக் கேமராதான். அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா ஸ்டேஷனிலும் ஒலியோடு கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைக்க வேண்டும் என்றது. ஆனாலும் 2025இல் போலீஸ் விசாரணையில் இறந்த திருப்புவனம் அஜித்குமார் வழக்கில் நாடு பார்த்தது ஒருவர் ஒளிந்து நின்று போனில் எடுத்த சில வினாடிகளைத்தான்.

காவலர்கள் பக்கத்து நியாயமும் என் கடைக்கு வரும். மூக்குக்கு நேரே போனை நீட்டி, நடுவில் வெட்டி, பாட்டுப் போட்டு ரீல்ஸ் விடுகிறார்கள் என்று ஒரு ஏட்டையா புலம்பினார். "முன்னாடி அவன் என்ன பேசினான்னு போடலியே தம்பி." அவர் சொன்னது உண்மைதான். அதற்கு வழி முழு வீடியோ இருப்பது, அது அழியாமல் இருப்பது. இப்போது புதிய நடைமுறைச் சட்டத்தின் 105ஆவது பிரிவுப்படி சோதனை, பறிமுதல் எல்லாவற்றையும் போலீஸே வீடியோ எடுக்க வேண்டும். ஸ்டோரேஜ் ஃபுல் என்று அவர்களே என்னிடம்தான் வருகிறார்கள்.

போன மாதம் ஒரு புதுக் காவலர் வந்தார். கவரில்லாத போன், பேட்டர்ன் லாக். ரீசெட் அடிக்கணும் என்றார்.

"மகஜர் போட்டிருக்காங்களா சார்?"

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீ எப்பப்பா வக்கீலான?" என்று போனை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினார். எதிர்க்கடைப் பையன் என்னிடம் இரண்டு வருஷம் வேலை கற்றவன். தலையைக் குனிந்து, இரண்டு பட்டனையும் சேர்த்துப் பிடிப்பது இங்கிருந்தே தெரிந்தது.