273

பிப்ரவரி 4
ரிசல்ட் வந்துவிட்டது. தெர்மோ (வெப்ப இயக்கவியல்) மட்டும் போய்விட்டது, மற்றதெல்லாம் பாஸ். அப்பாவிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 5
லேப் இல்லை, நாலரைக்கே பட்டறைக்குப் போய்விட்டேன். பம்பில் சுழலும் தண்டு, சாஃப்ட், பன்னிரண்டு வந்திருந்தது. 6205 பேரிங் உட்காரும் இடம், 25 மில்லிமீட்டர், கே6 ஃபிட், அதாவது பேரிங் இறுக்கமாக உட்கார வேண்டிய அளவு. 25.002-க்குக் குறையக் கூடாது, 25.015-ஐத் தாண்டக் கூடாது. மொத்த இடைவெளி 13 மைக்ரான், தலைமுடி அதைவிடப் பல மடங்கு தடிமன். முன்பெல்லாம் அப்பா பேசிக்கொண்டே பிடித்துவிடுவார். இப்போது மைக்ரோமீட்டரை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டுகிறார்.

"எவ்வளவு காட்டுது கண்ணு?"
"25.04ங்கப்பா."
"அப்ப இன்னும் மூணு எடுக்கோணும்."

பிப்ரவரி 8
போட்டோகாப்பிக்குப் பணம் கட்டினேன். பாட்டி கொடுத்தது, எதற்கென்று அவர் கேட்கவில்லை.

பிப்ரவரி 13
விடைத்தாள் நகல் வந்தது. எட்டாவது பக்கம். கார்னோ எஞ்சின், வெப்பத்தை வேலையாக மாற்றும் ஒரு கற்பனை எஞ்சின், அதன் செயல்திறன் எவ்வளவு என்று கேள்வி. சூடான பக்கம் 327 டிகிரி, குளிர்ந்த பக்கம் 27. செல்சியஸிலேயே வகுத்திருக்கிறேன். ஒன்றிலிருந்து 27/327-ஐக் கழித்து 91.7 சதவீதம் என்று எழுதி, அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு வேறு போட்டிருக்கிறேன். கெல்வினுக்கு மாற்ற 273 கூட்டியிருந்தால் 600, 300, பாதிக்குப் பாதி, கால்குலேட்டரே வேண்டாம். அந்த 91.7-ஐ வைத்துத்தான் அடுத்த மூன்று விடையும், எல்லாம் போச்சு. நிலக்கரி மின்நிலையம் 40 சதவீதம் பக்கம் வருவதற்கே எவ்வளவு பாடு என்று வகுப்பில் நானே எழுந்து சொன்னவள். 91.7 என்று எழுதும்போது கை எப்படி நிற்காமல் போனது?

கார்னோ இதை வெளியிட்டது 1824-ல், 28 வயதில். 1832-ல் காலராவில் இறந்துவிட்டார். கெல்வின் தன் அளவுகோலை முன்வைத்தது 1848-ல். கார்னோ கையில் அந்த அளவுகோலே இல்லை, ஆனாலும் எஞ்சினுக்கு ஒரு உச்சவரம்பு உண்டு, அது இரண்டு வெப்பநிலைகளை மட்டுமே பொறுத்தது என்று கண்டுபிடித்துவிட்டார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது. இந்தப் பாடத்தில் எனக்கு அரியர் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

பிப்ரவரி 14
273.

பிப்ரவரி 17
ரீவேல்யூவேஷன் போட்டாச்சு. ஸ்டெப் மார்க் வந்தால் உண்டு. ஐந்து மார்க் போதும்.

பிப்ரவரி 20
அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் 27-ஆம் தேதி. 27 என்றதும் மனசு தானாக 300 என்றது.

சாயங்காலம் ஒரு சாஃப்டைக் கட்டைவிரலால் தடவிவிட்டு, "இது ஆச்சு" என்றார். வைத்துப் பார்த்தேன், 24.97. இன்னொரு முறை துடைத்துவிட்டுப் பார்த்தேன், அதேதான். 25.01 என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. பேரிங் உள்ளே சுற்ற ஆரம்பித்தால் ஏதோ ஒரு தோட்டத்தில் மோட்டார் நின்றுபோகும். சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை, அதைத் தனியாகச் சுவரோரம் சாய்த்து வைத்தார். வீடு வரும்வரை வண்டியில் இரண்டு பேருமே பேசவில்லை. மார்க் விஷயத்தை இன்றைக்கும் சொல்லவில்லை.

பிப்ரவரி 27
ஏழு மணிக்கே உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஸ்டீம் டேபிள், நீராவி அட்டவணைப் புத்தகம், எடுத்து வந்திருந்தேன். ஒரு கிலோ தண்ணீரை 0-லிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 419 கிலோஜூல், அதை ஆவியாக்க மட்டும் 2257. அவ்வளவு வெப்பம் உள்ளே போகும், தெர்மாமீட்டர் 100-லேயே நிற்கும். அந்த ஒரு வரியையே பத்தரை வரைக்கும் படித்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 28
கட்டைப் பிரித்தார்கள். "இது நீலச் சுடிதாரா? சாம்பல்னுல்ல நெனச்சுட்டிருந்தேன்" என்றார். அம்மா அழுதுவிட்டார்.

மார்ச் 3
ஒரு மாதத்துக்குப் பட்டறைத் தூசு ஆகாது. சும்மா இருக்க முடியாமல் மைக்ரோமீட்டரை வீட்டுக்கு எடுத்துவரச் சொன்னார். அந்த 24.97 சாஃப்டையும்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "நீ சொன்னது செரிதான் கண்ணு."

அப்போது சொன்னேன். எட்டாவது பக்கத்தையும் காட்டினேன். 273 என்றால் என்ன என்று கேட்டார். ராத்திரி சாப்பாடு ஆறும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 6
இன்னும் வரவில்லை.