வடவள்ளிக்கு வந்தப்புறம் மறுபடி சைக்கிள்

சென்னையில இருந்தவரைக்கும் எனக்கு சைக்கிள்னா ஈசிஆர்தான், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலை. ஞாயித்துக்கிழமை விடியக்காலையில திருவான்மியூர்ல கெளம்பி முட்டுக்காடு வரைக்கும், கூட ஆள் கெடைச்சா கோவளம் வரைக்கும் போயிட்டு வெயில் ஏறுறதுக்குள்ள வீடு. அப்புறம் வேலையில ஷிஃப்ட் மாறுச்சு, கொஞ்சம் கொஞ்சமா கொறைஞ்சு நின்னே போச்சு. இப்போ கோயம்புத்தூர் வடவள்ளிக்கு குடி வந்தாச்சு, சாமான் லாரியில சைக்கிளும் வந்து மாடிப்படிக்குக் கீழ கெடந்துச்சு. மொட்டை மாடியில துணி காயப்போடப் போனா மருதமலை எதிர்லயே நிக்குது, இதை தெனமும் பாத்துக்கிட்டு எப்படிங்க சும்மா இருக்க முடியும்?

மொத வேலையா பக்கத்து சைக்கிள் கடைக்கு உருட்டிட்டுப் போனேன். டயர் ரெண்டும் வெடிப்பு விட்டிருந்துச்சு, பின் வீல் வேற கோட்டம். கடைக்கார அண்ணன் சைக்கிளை தலைகீழா நிறுத்தி, ஃபிரேம் மேல கையை ஊனிக்கிட்டு சாக்பீஸை ரிம் ஓரமா அசையாம புடிச்சு வீலை சுத்தி விட்டாரு, எந்த எடத்துல ரிம் வெளிய தள்ளுதோ அங்க மட்டும் வெள்ளைக் கோடு விழுது. அந்தக் கோட்டுக்கு நேரா அந்தப் பக்கத்து கம்பியை ஒரு கால் சுத்து லூசு பண்ணி எதிர்பக்கத்து கம்பியை டைட் பண்ணி, துணியால தொடச்சிட்டு மறுபடி சுத்து. கோடு சின்னதாயி சின்னதாயி கடைசியில சாக்பீஸ் எங்கயுமே படல. பாத்துட்டே இருக்கலாம் போல இருந்துச்சு.

கெளம்புறப்ப அவர்தான் சொன்னாரு, "தம்பி, ஆடி முடியற வரைக்கும் மொதல்ல மேக்க போங்க, வர்றப்ப காத்து உங்களை கொண்டாந்து விட்டுரும்"னு. இந்த ஊர்ல சைக்கிள் ஓட்ட எனக்கு கெடைச்ச பெரிய பாடம் இதுதான், அதை சொல்லத்தான் இதையே எழுதறேன். மேற்குத் தொடர்ச்சி மலையில பாலக்காட்டுப் பக்கம் ஏறக்குறைய 30 கிலோமீட்டருக்கு மேல அகலமா ஒரு இடைவெளி இருக்கு, தென்மேற்குப் பருவக்காத்து அந்த வழியா நேரா நம்ம ஊருக்குள்ள பூந்துருது. ஜூன், ஜூலையில வெளிய போனவங்களுக்குத் தெரியும், ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்றது இங்க பேச்சுக்கு சொல்றதில்ல. அதோட நிலமும் மேற்குல உசரம், கிழக்க போகப் போக தாழ்வு. வெள்ளியங்கிரி பக்கம் பொறக்கற நொய்யல் கிழக்க ஓடி காவிரியில சேருதே, அதே சரிவுதான். அப்போ வடவள்ளியில இருந்து மேக்க இருக்கற தொண்டாமுத்தூர் போறப்ப காத்தும் எதிர்ல, ஏத்தமும் எதிர்ல. கண்ணுக்கு ரோடு சமமாத்தான் தெரியும், ஆனா தொடை சொல்லிரும். ஈசிஆர்ல பெரிய கியர்லயே ஓட்டிப் பழகின காலுக்கு இது வேற வேலை. சின்ன கியருக்கு எறக்கிட்டு உடம்பை கொஞ்சம் குனிஞ்சு வெச்சு நிதானமா மிதிச்சா போதும், திரும்பி வர்றப்ப பெடலே லேசா இருக்கும்.

தொண்டாமுத்தூர் தாண்டி நரசீபுரம் ரோடு இருக்கே, அதுக்காகவே இந்த ஊருக்கு வரலாங்க. ரெண்டு பக்கமும் பாக்குத்தோப்பு, தென்னை, நடுவுல சின்ன வெங்காயக் காடு, மழைச்சாரல் லேசா மூஞ்சியில அடிக்கும், மலை கிட்ட வந்துட்டே இருக்கும். வெங்காயம் அறுவடை பண்ற நாள்னா வாசனை ரொம்ப தூரத்துக்கு கூடவே வரும்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்லணும். சென்னையில மாதிரி இருட்டோட கெளம்பற பழக்கம் இந்தப் பக்கம் வேண்டாம். மருதமலை அடிவாரம், நரசீபுரம் எல்லாமே யானை நடமாட்டம் இருக்கற எடம், ராத்திரி தோட்டத்துக்குள்ள வந்த யானை விடியற நேரத்துலதான் காட்டுக்கு திரும்பும். சைக்கிள்ல சத்தமே இல்ல, வளைவுல திரும்பற வரைக்கும் அதுக்கும் நாம வர்றது தெரியாது, நமக்கும் தெரியாது. நல்லா வெளிச்சம் வந்து, பால்காரங்க வண்டியும் டவுன் பஸ்ஸும் ஓட ஆரம்பிச்சப்புறம்தான் நான் அந்த ரோட்டுல ஏறறேன். டீக்கடையில ஒரு நிமிஷம் நின்னு "நைட்டு யானை வந்துச்சுங்களா"ன்னு கேட்டுட்டுப் போறது நல்லது, அவங்களுக்கு எந்தத் தோட்டம்னு வரைக்கும் தெரிஞ்சிருக்கும்.

நேரம் இல்லாத நாள்ல கிருஷ்ணாம்பதி குளம், நரசாம்பதி குளம் பக்கமா ஒரு சுத்து, இல்லனா பேரூர் கோயில் வரைக்கும். அதுவே உடம்புக்கு போதும்.

இனி ஐப்பசி வந்தா வடகிழக்குப் பருவக்காத்து, எல்லாம் தலைகீழா மாறிரும். போறப்ப தள்ளி விட்டுட்டு வர்றப்ப மூஞ்சியில அடிக்கும், எறக்கம் மட்டும்தான் தொணை. அப்போ காலையில மொதல்ல கிழக்க போயிட்டு மேக்க திரும்பலாம்னா ஊருக்குள்ள டிராஃபிக்குல மாட்டணும். அதனால பேரூர், சுண்டக்காமுத்தூர் பக்கம் தெக்க வடக்கா ஒரு ரூட் போடலாம்னு பாத்துட்டு இருக்கேன், பக்கவாட்டுக் காத்துன்னா ரெண்டு வழிக்கும் சமம்தானே. அந்தப் பக்கம் தெனமும் ஓட்டறவங்க யாராச்சும் இருந்தா, மழை பேஞ்சா எந்த ரோட்டுல தண்ணி நிக்கும்னு சொல்லுங்க.