கொப்பி திரும்பி வரும்வரை

எண்ணிமக் (டிஜிட்டல்) கல்வியைப் பற்றிப் பேச, பழைய கணக்கு வகுப்பிலிருந்து தொடங்குகிறேன். மடக்கை (log) வாய்ப்பாட்டை வைத்துக் கணக்குச் செய்த கடைசி அணிகளில் எங்களுடையதும் ஒன்று. 0.0345 இன் கனமூலம் காண்க என்று பலகையில் விழும். வாய்ப்பாட்டில் 34 என்ற வரிசையில் 5 இன் கீழ் 5378. தசமப் புள்ளியை அடுத்து ஒரு பூச்சியம் இருப்பதால் முன்னால் பார் 2, அதாவது தலையில் கோடிட்ட 2; அந்த முழு எண் மட்டும் மறை என்பதற்கு அடையாளம் அந்தக் கோடு. கனமூலத்துக்காக அதை மூன்றால் வகுப்பதில்தான் வகுப்பில் பாதிப்பேர் விழுவார்கள். பார் 2 மூன்றால் வகுபடாது. அதை பார் 3 ஆக்கி, ஈடாகத் தசமப் பக்கத்தில் ஒன்றைக் கூட்டி, 1.5378 ஐ வகுக்க வேண்டும். பார் 1 உம் 0.5126 உம் வரும், அதற்குரிய எண்ணை வாய்ப்பாட்டில் தேடினால் விடை 0.3255.

2 இன் தலையிலுள்ள கோட்டை மறந்து 2.5378 ஐ அப்படியே வகுத்தவருக்கு 7.013 வரும். அது 345 இன் கனமூலம். ஒன்றைக் கூட்ட மறந்தவருக்கு 0.1511. எது பிழை என்பது கொப்பி திருத்தப்பட்டுத் திரும்பிய பிறகுதான் தெரியும். அதற்குள் அதே பிழையோடு இன்னும் இருபது கணக்குகள் செய்து முடிந்திருக்கும்.

எண்ணிமக் கல்வி என்றதும் திரையையும் தொடுபலகையையும் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என் கணிப்பில் பெரிய மாற்றம் பிழைக்கும் திருத்தத்துக்கும் இடையிலிருந்த அந்த நாட்கள் நொடிகளாகச் சுருங்கியதுதான். ஆனால் வேகம் மட்டும் போதாது. “பிழை, மீண்டும் முயல்க” என்று உடனே வந்தால் பிள்ளை அடுத்த தெரிவைத் தட்டும். நான்காவது தட்டலில் சரி விழும். படிப்பு எதுவும் நடந்திராது.

ஆகவே பல்தேர்வு வினாவில் பிழையான தெரிவுகளை வாய்க்கு வந்தபடி போடக் கூடாது. மேலே சொன்ன 7.013 உம் 0.1511 உம்தான் அங்கே இருக்க வேண்டியவை. 7.013 ஐத் தெரிவு செய்தவருக்கு, “ஒன்றிலும் சிறிய எண்ணின் கனமூலம் ஒன்றை விடப் பெரிதாகுமா?” என்ற ஒரு வரி போதும். 2002 இல் வெளிவந்த மூடில் (Moodle) போன்ற இணையவழிக் கற்றல் மென்பொருள்களில் ஒவ்வொரு தெரிவுக்கும் தனிப் பின்னூட்டம் எழுத இடமுண்டு; பலர் அதை வெறுமையாகவே விட்டுவிடுகிறார்கள். மறுமுயற்சிக்குப் புள்ளி குறைக்கலாம். எண்கள் ஒவ்வொரு தடவையும் மாறும்படியும் அமைக்கலாம். அப்படிச் செய்தால் நண்பனின் விடையைப் பார்த்து எழுதிப் பயனில்லை.

சொல்லைத் தட்டச்சுச் செய்யும் விடைகளில் தமிழுக்கென்று ஒரு தனித் தலையிடி இருக்கிறது. “கொழுப்பு” என்று ஒரு பிள்ளை எழுதுகிறது. கணினி பிழை என்கிறது. கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது. உண்மையில் “கெ” எழுதி, காலுக்குப் (ா) பதிலாக ரகரத்தைப் (ர) போட்டிருக்கும். “கௌ” வில் சிறகுக்குப் பதிலாக ளகரம் விழுவதும் இதே கதை. இன்னொன்று, ஒகரக் குறியை ஒருங்குறியில் (Unicode) ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்று எல்லா மென்பொருளும் அறிந்திருப்பதில்லை. ஆகவே பிழையென விழுந்த விடைகளின் பட்டியலை முதல் வாரம் ஆசிரியர் கட்டாயம் ஒரு தடவை பார்த்து, ஏற்கத்தக்க வடிவங்களையும் விடைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

பாடமாக்குவதற்கு வருவோம். ஒரே இரவில் பத்துத் தடவை வாசிப்பதுதான் எங்கள் முறை. உளவியலாளர்களான ரோடிகரும் கார்பிக்கியும் 2006 இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்ப வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்தோ, புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். ஒரு பக்கம் வினாவும் மறுபக்கம் விடையுமாக உள்ள மீட்டல் அட்டைச் (flashcard) செயலிகள் செய்வது இதைத்தான். 1987 இன் எஸ்எம்-2 என்ற கணிப்பு முறையில், சரியாகச் சொன்ன அட்டை மறுநாள் வரும், பிறகு ஆறாம் நாள், அதன்பின் இடைவெளி சுமார் இரண்டரை மடங்காக நீளும்: 15 நாள், பிறகு ஐந்து வாரத்துக்குச் சற்றுக் கூட.

இது குழம்புவது பெரும்பாலும் தொடக்க ஆர்வத்தால். முதல் நாளே நூறு அட்டை சேர்ப்பார்கள். நாளொன்றுக்குப் புதிதாக 20 சேர்த்தாலே, சில வாரங்களில் தினமும் மீட்ட வேண்டியவை அதைப்போல் சில மடங்காகிவிடும். ஒரு கிழமை தவறினால் குவியலைப் பார்த்தே செயலியை மூடிவிடுவார்கள். 5 புதிய அட்டை போதும். ஓர் அட்டையில் ஒரு செய்திதான். “ஒளித்தொகுப்பை விளக்குக” என்பது அட்டை அல்ல, பரீட்சை வினா.

காணொளி பற்றி அதிகம் சொல்ல இல்லை. நொடிக்கு 1.5 மெகாபிட் வீதம் பதிந்த 40 நிமிடப் பாடம் 450 மெகாபைட். அதே பாடத்தின் ஒலியை மட்டும் 32 கிலோபிட்டில் எடுத்தால் 10 மெகாபைட்டுக்குள் அடங்கும். கூடவே படங்களை ஒரு கோப்பாக அனுப்பினால் மெதுவான இணைப்பிலும் போய்ச் சேரும். படம் மங்கினால் பாடம் தப்பிக்கும், குரல் விட்டுவிட்டு வந்தால் தப்பாது. நல்ல கமராவுக்குச் செலவழிக்கும் சங்கங்கள் முதலில் ஒரு சட்டை ஒலிவாங்கி வாங்கிக் கொடுக்கலாம்.

பழைய வினாத்தாள்களை எண்ணிமப்படுத்தும் வேலையில் இறங்குவோருக்கு ஒரு குறிப்பு. ரோனியோ என்ற பழைய படியெடுப்புப் பொறியில் அச்சான தாள்களைத் தட்டச்சுச் செய்வது கடினமல்ல. பாமினி எழுத்துருவில் இருப்பவைதான் சிக்கல். அது ஆங்கிலக் குறியீடுகளின் மேல் தமிழ் உருவங்களைப் போர்த்திய எழுத்துரு. எழுத்துரு இல்லாத கைத்தொலைபேசியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பை, தேடினாலும் அகப்படாது. ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் உண்டு. ஆனால் முழுக் கோப்பையும் ஒரேயடியாக உள்ளே போடாதீர்கள். ஆங்கில எழுத்துருவில் இருந்த வேதியியல் சூத்திரங்களும் அலகுகளும் தமிழ் எழுத்துகளாகிவிடும். தமிழ்ப் பந்திகளை மட்டும் எடுத்து மாற்றுங்கள். முடிந்ததும் எண்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்: பாமினியில் காற்புள்ளியின் இடத்தில் இருப்பது இகரம், ஆகவே ஆயிரம் என்ற எண் 1இ000 என்று வந்து நிற்கும்.