கட்டை லிங்க் வாங்கி நெட்டை லிங்க் பூட்டின கதை

என்னுடைய கார் ஒரு பழைய ஸ்விஃப்ட் ஸ்போர்ட். 1600 சிசி, கையால் கியர் மாற்றுவது. கிளிநொச்சியில் இப்படியொரு காரை ஏன் பதித்து (உயரம் குறைத்து) ஓடுகிறாய் என்று கேட்காத ஆளில்லை. ஏ9 வீதி காப்பெட் போட்டு வழுவழுவென்று கிடக்கிறது, அதை நம்பித்தான் லோவரிங் ஸ்பிரிங் போட்டேன். சொக் பழையதுதான், ஸ்பிரிங் மட்டும் புதிது. கார் 35 மில்லிமீற்றர் இறங்கியது. பார்க்க நல்ல வடிவு.

இரண்டு கிழமை கழித்து முன்பக்கத்தில் 'டக் டக்' என்று ஒரு சத்தம் தொடங்கியது. ஏ9இல் ஒன்றுமில்லை. பரந்தனில் திரும்பி முல்லைத்தீவு வீதியில் போய், வட்டுவாகல் பாலத்தில் ஏறினால் யாரோ கீழேயிருந்து சுத்தியலால் தட்டுவது போலிருக்கும். ஆனால் வேகத்தடையில் இரண்டு சில்லும் ஒன்றாக ஏறி இறங்கினால் சத்தமில்லை. ஒரு சில்லு மட்டும் பள்ளத்தில் விழுந்தால்தான் வரும். இந்த வித்தியாசத்தை வைத்தே, இரண்டு முன் சில்லுப் பக்கத்தையும் இணைக்கிற கம்பியான ஸ்டெபிலைசர் பார் பக்கம் சந்தேகம் போனது. இரண்டு சில்லும் சேர்ந்து ஏறும்போது அந்தக் கம்பி முறுக்கப்படாமல் சும்மா சுழன்று கொடுக்கும். ஒன்று ஏறி மற்றது நின்றால்தான் முறுகும், அப்போதுதான் அதன் இரு முனையையும் சில்லுப் பக்கத்தோடு பூட்டுகிற லிங்க் என்ற சிறு தண்டுகளில் பாரம் விழும்.

சரி, லிங்க்தான் என்று முடிவாயிற்று. தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டு: "காரைப் பதித்தால் கட்டை லிங்க் போடவேணும்." நானும் கொழும்புக்குப் போன நேரம் கார்ச் சாமான் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் ஏறி இறங்கி, நீளம் மாற்றக்கூடிய லிங்க் ஒரு சோடி வாங்கி வந்தேன். கடைக்காரரும் பதித்த காருக்கு இதுதான் சரி என்றார். அதை ஆகக் கூட நீட்டினாலும் என் பழைய லிங்க்கின் நீளம்தான் வரும், மற்றபடி கட்டையாக்க மட்டும்தான் முடியும். அப்போது அது ஒரு குறையாகவே எனக்குப் படவில்லை.

கரடிப்போக்குப் பக்கமுள்ள கராஜில் பழையதைக் கழற்றவே அரை நாள் போனது. நட்டைத் திருப்பினால் உள்ளேயிருக்கிற ஸ்டட்டும் (லிங்க் முனையின் புரி ஆணி) சேர்ந்து சுற்றும். நடுவிலுள்ள அறுகோணக் குழியில் அலன் கீயை வைத்துப் பிடிக்கவேண்டும். எங்கள் மண்ணும் மழையும் அந்தக் குழியைத் தின்று முடித்திருந்தன. கடைசியில் கிரைண்டரால் அறுத்தோம். புதியதை 20 மில்லிமீற்றர் கட்டையாக்கிப் பூட்டினேன். சத்தம் நின்றுவிடும் என்று பார்த்தால், இரண்டு மடங்காகிவிட்டது. வட்டுவாகலுக்குப் போகத் தேவையில்லாமல் வீட்டு ஒழுங்கையிலேயே கேட்டது. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் எதுவோ உரசவும் செய்தது.

திரும்பக் கராஜுக்குப் போனேன். அங்கே வேலை செய்கிற பாஸ் (மெக்கானிக்) காருக்குக் கீழே எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்து, ஒரு தடியை எடுத்து மண்ணில் கீறினார்.

"தம்பி, உம்மட லிங்க்கின்ர மேல் முனை எங்க பூட்டியிருக்கு?"

"சொக்கில அண்ணை."

"அப்ப கார் பதிஞ்சா சொக்கின்ர அந்த இடம் பொடிக்குக் கிட்ட வருமோ, தூரப் போகுமோ?"

அங்கேதான் எனக்கு மண்டையில் உறைத்தது. கார் இறங்குகிறது என்றால், பொடியிலிருந்து பார்க்கும்போது சில்லும் சொக்கின் கீழ்ப்பாகமும் மேலே ஏறுகின்றன. லிங்க்கின் மேல் முனை சொக்கில் இருப்பதால் அதுவும் 35 மில்லிமீற்றர் ஏறி, பாரின் முனையை மேலே இழுத்துவிடும். நேராகக் கிடக்கவேண்டிய பார் அண்ணாந்து பார்க்கும். அதை மறுபடி நேராக்க லிங்க் நீள வேண்டும். நானோ கட்டையாக்கி, இன்னும் 20 மில்லிமீற்றர் மேலே தூக்கிவிட்டிருந்தேன். பாரில் ஸ்டியரிங்கின் டைறொட் உரசிப் பெயின்ற் போன அடையாளம் பளபளவென்று தெரிந்தது.

அப்படியென்றால் ஊரே சொல்கிற 'கட்டை லிங்க்' பொய்யா? பொய்யில்லை, அது வேறு காருக்கு. சில கார்களில் லிங்க் பாரிலிருந்து கீழே இறங்கி, சில்லைப் பிடிக்கிற கீழ்க் கையான லோவர் ஆமில் பூட்டியிருக்கும். அங்கே கார் பதியும்போது ஆம் மேலே வந்து பாரைத் தள்ளும், அதனால் கட்டை லிங்க்தான் மருந்து. சொக்கில் பூட்டுகிற காரிலும் கொயிலோவர் (ஸ்பிரிங்கும் சொக்கும் சேர்ந்த செற்) போட்டால் கணக்கு மாறும். அதில் லிங்க் பூட்டும் காது, கார் கொம்பனியின் சொக்கில் இருப்பதைவிடப் பெரும்பாலும் கீழே இருக்கும். காது 50 மில்லிமீற்றர் கீழே இருந்து, கார் 35 இறங்கியிருந்தால், 15 கட்டை வேண்டும். எனக்குக் காது இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆகவே 35 நெட்டை.

இரண்டாவது சோடி தேடும்போது நண்பன் ஒருவன் ரோஸ் ஜொயின்ற் என்ற உலோக மூட்டு உள்ளதை வாங்கச் சொன்னான், றேஸ் கார்களில் அதுதான் போடுவார்களாம். உண்மைதான், அசைவு துல்லியமாக இருக்கும். ஆனால் அதற்கு றப்பர் உறை இல்லை. ஆடிக் காற்றில் பறக்கிற செம்மண் தூளும் மார்கழிச் சேறும் அதற்குள் போனால் எத்தனை மாதம் தாங்கும்? நான் றப்பர் உறையுள்ள போல் ஜொயின்ற் வகையையே எடுத்தேன். ஸ்டட்டின் தடிப்பை 10 மில்லியா 12 மில்லியா என்று கலிப்பரால் அளந்துகொண்டுதான் இந்த முறை போனேன். நீட்டியபிறகும் போதிய புரி உள்ளே நிற்குமா என்றும் பார்த்தேன். 12 மில்லிப் புரியென்றால் குறைந்தது 15 மில்லியாவது உள்ளே இருக்கவேண்டும் என்பது பாஸின் கணக்கு.

பூட்டுவதைவிட அளவு வைப்பதுதான் பெரிய வேலை. ஜக்கில் தூக்கி வைத்துக்கொண்டு அளவு வைத்தால் எல்லாம் பிழை. நாலு சில்லும் பாரத்தோடு, மட்டமான தரையில் நிற்கவேண்டும். கராஜ் மண் தரை. அரிசி ஆலையில் நெல் காயவிடும் சீமெந்துத் தளம் நினைவுக்கு வந்தது. கேட்டோம், ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்கள். அங்கே மேசன்மார் பாவிக்கிற தண்ணீர்க் குழாயை வைத்து மட்டம் பார்த்தால், மழைத் தண்ணீர் வடிய ஒரு பக்கம் சரித்துக் கட்டியிருக்கிறார்கள். இரண்டு முன் சில்லுக்கும் இடையில் 8 மில்லிமீற்றர். பதித்த காருக்குக் கீழே ஆள் போகவும் முடியாது. ஆகவே ஒவ்வொரு சில்லுக்கும் கீழே ஒரு பழைய தண்டவாளச் சிலிப்பர் கட்டை, தாழ்ந்த பக்கத்துக்கு மேலதிகமாக ஒரு மாபிள் துண்டு. நாலு சில்லுக்கும் காற்றை ஒரே அளவாக்கினோம். சாரதி இருக்கையில் எனக்குப் பதிலாக 50 கிலோ அரிசி மூட்டையும் 20 லீற்றர் தண்ணீர்க் கானும் ஏறி உட்கார்ந்தன. பாஸ் அதற்கு சீற் பெல்ற்றும் போட்டுவிட்டார்.

இடது லிங்க்கை முதலில் பூட்டி, பார் தரைக்குச் சமாந்தரமாக வரும்வரை நீட்டினோம். பழைய நீளத்தைவிட 33 மில்லிமீற்றர் கூட்டியதும் அது வந்தது. பிறகு வலது. இடதின் அளவையே வைத்துப் பூட்டப் போனால் ஸ்டட் ஓட்டைக்கு நேரே வரவில்லை, லீவர் போட்டு நெம்பினால் வரும் போலிருந்தது. நெம்பினால் பார் நின்ற இடத்திலேயே முறுகிப்போய் நிற்கும். அப்படி விட்டால் இடப்பக்கம் வளைக்கும்போது ஒரு குணமும் வலப்பக்கம் வளைக்கும்போது இன்னொரு குணமும் காட்டும். ஆகவே நடுத்தண்டைச் சிறிது சிறிதாகத் திருப்பினோம். ஒரு முனையில் இடப்புரி இருப்பதால் கழற்றாமலே திருப்பலாம். ஸ்டட் ஒரு விரலால் தள்ள வழுக்கிக்கொண்டு உள்ளே போன இடத்தில் நிறுத்தினோம். வலது 36. இரண்டு பக்கமும் 3 மில்லிமீற்றர் வித்தியாசம், பழைய கார்தானே.

லொக் நட் இறுக்கும்போது இரண்டு முனைப் போல் ஜொயின்றும் ஒரே வாக்கில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஒன்று முறுகி நின்றால் அசைவு குறையும், றப்பர் உறையும் கிழியும். பிறகு ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்துப் பார்த்தோம், ஜக்கில் தூக்கிச் சில்லைத் தொங்கவிட்டும் பார்த்தோம். எதுவும் முட்டவில்லை. வீல் அலைன்மென்ற் தேவைப்படவில்லை, லிங்க் மாற்றினால் அது மாறாது.

அன்று பின்னேரமே வட்டுவாகலுக்கு விட்டேன். பாலத்தின் பள்ளங்கள் அப்படியே இருந்தன, சத்தம் இல்லை. ஒரு மாதத்துக்குப் பிறகு லொக் நட்டை ஒருதரம் பார்த்தேன், வலப்பக்கத்தில் கால் சுற்று இளகியிருந்தது. இறுக்கி, வெள்ளைப் பெயின்ற்றால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன், அசைந்தால் தெரியும்.

முதல் சோடி சும்மா கிடந்தது. வவுனியாவில் ஒரு நண்பன் காரைப் பதித்தானாம். உன் காரில் லிங்க் எங்கே பூட்டியிருக்கிறது என்று கேட்டேன். லோவர் ஆமில் என்றான். ஸ்டட்டும் அதே தடிப்பு. எடுத்துக்கொண்டு போக வந்தவன் வழியில் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் இறங்கிக் கும்பிட்டு, இரண்டு பை கச்சான் வாங்கி வந்தான். மிச்சக் காசு இன்னும் வரவில்லை.