85-க்குள் எண்ணுவது

ஆகஸ்டில் பென்சில்வேனியாவின் சவுத் வில்லியம்ஸ்போர்ட்டில் பிள்ளைகளுக்கான பேஸ்பால் போட்டியான லிட்டில் லீக் உலகத் தொடர் நடக்கும்போது, டிவி கேமரா பந்து வீசும் பிட்சரின் முகத்தை விட்டு நகராது. ஸ்கோர் மேசையில் கிளிக்கரோடு (அழுத்தினால் ஒன்று கூடும் கைக்கருவி) உட்கார்ந்து பந்து எண்ணுகிறவரை யாரும் காட்டுவதில்லை. அந்த எண்ணை நம்பித்தான் ஆட்டமே ஓடுகிறது.

11, 12 வயதுப் பிள்ளை ஒரு நாளில் 85 பந்து வரை வீசலாம். 10 வயதென்றால் 75. முன்பெல்லாம் இன்னிங்ஸ் கணக்கு. 2007-ல் பந்துக் கணக்குக்கு மாறினார்கள். மாறியதும் நியாயம்தான். மூன்று பேட்டர் அவுட் ஆகும் வரை பிட்சர் வீச வேண்டும், அது 9 பந்திலும் முடியும், 35 பந்துக்கும் இழுக்கும். அந்த வயதில் முழங்கையின் உள்பக்க எலும்பு முனை இன்னும் முற்றாத குருத்தெலும்பு. ஒவ்வொரு வீச்சுக்கும் அது இழுபடுகிறது.

கிரிக்கெட் ஸ்கோர் எழுதிப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு சங்கடம். ஓவர் கிடையாது, ஆறு பந்து முடிந்ததும் சரிபார்த்துக்கொள்ள வழியில்லை. விட்ட பந்து விட்டதுதான். பெரும்பாலும் தப்பு வருவது ஸ்கோர்போர்டைப் பார்த்து எண்ணுவதால். போர்டில் ஏறுவது பாலும் (தள்ளிப் போய் பேட்டர் அடிக்காமல் விட்ட பந்து) ஸ்ட்ரைக்கும் (பேட்டர் தவறவிட்ட பந்து போன்றவை) மட்டும்தான்; இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு ஃபவுல், அதாவது எல்லைக் கோட்டுக்கு வெளியே அடித்தது, அதில் ஏறாது. 1 பால், 2 ஸ்ட்ரைக் ஆன பிறகு பேட்டர் தொடர்ந்து நான்கு ஃபவுல் அடித்துவிட்டு ஐந்தாவதை ஹிட் ஆக்கினால், போர்டு காட்டியது 3. பிட்சர் வீசியது 8. எனவே கண் பிட்சரின் கையில் இருக்க வேண்டும். பந்து கையை விட்டதும் கிளிக். கூடவே தாளில் ஒரு கோடு. பேட்டர் முடிந்ததும் அதுவரையிலான மொத்தத்தை எழுதிவிட வேண்டும். அரை இன்னிங்ஸ், அதாவது ஒரு அணியின் பேட்டிங் முறை, முடிந்ததும் இரு அணி ஸ்கோரர்களோடும் ஒப்பிட வேண்டும். வித்தியாசம் வந்தால், பேட்டர் வாரியாக மொத்தம் எழுதாதவர் எங்கே விட்டோம் என்று தேடவே முடியாது.

கிளிக்கரை ஏமாற்றும் இன்னொன்று, பேட்டரை அடிக்க விடாமல் வேண்டுமென்றே முதல் தளத்துக்கு (ஃபர்ஸ்ட் பேஸ்) அனுப்பிவிடுவது. அணியின் மேனேஜர் அம்பயரிடம் சொன்னால் போதும், ஒரு பந்தும் வீசத் தேவையில்லை. ஆனாலும் கணக்கில் 4 ஏறும்.

ஓய்வு விதிதான் தலைவலி. 20 பந்து வரை ஓய்வு வேண்டாம். 21 முதல் 35 வரை ஒரு நாள், 36 முதல் 50 வரை இரண்டு, 51 முதல் 65 வரை மூன்று, 66-க்கு மேல் நான்கு. இதில் ஒரு சலுகை உண்டு. 33 பந்து வீசிய பிட்சர் புதிய பேட்டரை எதிர்கொள்கிறான், அந்த ஒருவனுக்கே 7 பந்து ஆகிறது என்று வையுங்கள். மொத்தம் 40. அத்தோடு அவனை மாற்றிவிட்டால் ஒரு நாள் ஓய்வு போதும். அடுத்த பேட்டருக்கு ஒரே ஒரு பந்து வீசினாலும் இரண்டு நாள். நன்றாக வீசுகிற பையனை ஏன் வெளியே எடுக்கிறார்கள் என்று புல்மேட்டில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பவர்கள் கத்துவது இந்த நேரத்தில்தான். உலகத் தொடரில் 2022 முதல் 20 அணிகள். ஆரம்பத்தில் தோற்ற அணி சுற்றுவழியில் கூடுதல் ஆட்டங்கள் ஆட வேண்டும். அதற்கு அந்த ஒரு நாள் பொன்.

பேட்டருக்குப் பின்னால் பந்து பிடிக்கும் கேட்சரையும் மறந்துவிடக் கூடாது. நான்கு இன்னிங்ஸ் கேட்ச் செய்தவன் அன்று பந்து வீச முடியாது. நான்காவது இன்னிங்ஸில் ஒரு பந்து பிடித்தாலே நான்கு என்றுதான் கணக்கு.

மேசையிலிருந்து யாரும் சொல்லவில்லை என்று மேனேஜர் தப்பிக்கவும் முடியாது. எண்ணுகிறவர் சொல்லத் தவறினாலும், பிட்சரை மாற்ற வேண்டிய பொறுப்பு மேனேஜருடையதே என்று விதியிலேயே இருக்கிறது. விவரமான அணிகள் டக்அவுட்டில் (அணி உட்காரும் இடம்) தனியாக ஒரு கிளிக்கர் வைத்திருப்பது அதனால்தான்.

ஓய்வை மணிக்கணக்கில் பார்ப்பதில்லை, காலண்டர் நாள்தான் கணக்கு. மழையால் ஆட்டம் மறுநாளுக்குத் தள்ளிப்போனால், உட்கார்ந்திருக்க வேண்டிய பிட்சர் ஆடத் தகுதி பெற்றுவிடலாம். தார்ப்பாய் விரித்ததும் முந்தைய ஆட்டங்களின் தாள்களை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது, கேட்டுக்கொண்டு வருவார்கள்.