குறும்படத்தில் முதலில் கெடுவது ஒலிதான்

இயக்குநராக விரும்பும் மாணவர்கள் லென்ஸ்மேல் காட்டும் அக்கறையில் பாதியையாவது மைக்மேல் காட்ட வேண்டும். கேமரா மைக் அறையின் எதிரொலியையும் சேர்த்தே அள்ளும். பூம் மைக்கை (நீளக் கோலில் மாட்டிய மைக்) ஃபிரேமுக்குச் சற்று மேலே, நடிகரின் வாயிலிருந்து இரண்டடிக்குள் பிடியுங்கள். வசனத்தின் உச்சம் ஒலியளவு மீட்டரில் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி இருக்கட்டும். 24 பிட் டிஜிட்டல் பதிவில் மீட்டரின் உச்ச வரம்பான பூஜ்யத்தை முட்டினால் குரல் கிழியும், எடிட்டிங்கில் மீளாது.

ஃபேன், ஃபிரிட்ஜ் இரண்டையும் அணையுங்கள். வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்தால், கிளம்பும்போது ஃபிரிட்ஜை மறுபடி போட மறக்காது.

ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் அசையாமல் நிற்க, 30 விநாடி வெறும் அறையின் ஒலியைப் பதியுங்கள். வசனங்களுக்கு இடையே விழும் செத்த மௌனத்தை அதுதான் மூடும். தனி ரெக்கார்டர் என்றால், டேக்குக்கு ஒரு கைதட்டல், கேமரா பார்க்க; எடிட்டிங்கில் ஒலியையும் படத்தையும் அதை வைத்துத்தான் பொருத்துவீர்கள்.